காளான் விளையாட்டில் ஒரு விதியை மாற்றுங்கள்

ஆசிரியருக்கு,

சிறுவர் இணைப்பில் வந்த காளான் வளர்க்கும் பலகை விளையாட்டு பார்க்க அழகாக இருக்கிறது. 61 அறுகோணக் கட்டங்களும் வெட்டி ஒட்டத் தோதாக அச்சாகியுள்ளன. ஆனால் ஆட்டம் பாதியை எட்டும் முன்பே யார் வெல்வார் என்று தெரிந்துவிடுகிறது. காரணம் ஒரே விதி: பூஞ்சையிழை பிடித்த கட்டம் ஒவ்வொன்றும் கடைசிவரை சுற்றுக்கு ஒரு சத்துமணி தந்துகொண்டே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுக் கட்டத்துக்குப் பரவ 2 மணி செலவு. ஒருவரிடம் 7 கட்டம், மற்றவரிடம் 5. இருவரும் வந்ததையெல்லாம் பரவுவதிலேயே போட்டால் மூன்றே சுற்றில் 23-க்கு 16 ஆகிறது. இரண்டாக இருந்த இடைவெளி ஏழாகிவிடுகிறது. பின்தங்கியவர் எவ்வளவு யோசித்து ஆடினாலும் எட்டிப் பிடிக்க வழியில்லை.

இதற்கு மருந்து பூஞ்சையிடமே இருக்கிறது. புல்வெளியில் சில காளான்கள் வட்டமாக முளைப்பதைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் உணவு தீர்ந்து அங்குள்ள இழை மடிய, விளிம்பு மட்டும் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். விளையாட்டிலும் அதுவே விதியாகட்டும். சருகுக் கட்டம் ஒவ்வொன்றிலும் தொடக்கத்திலேயே 3 மணி, மரக்கட்டை உள்ள 12 கட்டங்களில் 6 மணி வையுங்கள். மொத்தம் 219 மணி வேண்டும். பொத்தான், விதை, எதுவானாலும் சரி. சத்தை இனிப் பொதுக் குவியலிலிருந்து எடுக்கக் கூடாது, அந்தக் கட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும். காலியான கட்டத்தில் இழையைக் குறிக்கும் காயை அகற்றிவிட வேண்டும்.

சருகில் 3 என்பதை மாற்றாதீர்கள். 2 வைத்தால் வரவும் செலவும் சரியாகி ஆட்டம் படுத்துவிடும். 5, 6 என்று ஏற்றினால் பழைய நோய் திரும்பிவிடும். சுற்றுக்கு ஒரு மணி எடுப்பதும் கட்டாயமாக இருக்க வேண்டும். விருப்பம்போல் விட்டால், நடுக்கட்டத்தைக் காலியாகாமல் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டில் ஏறத்தாழ 965 ஹெக்டேருக்கு ஒரே பூஞ்சை பரவியிருக்கிறதே, அதற்கு மட்டும் உணவு தீரவில்லையா என்று சிலர் கேட்கலாம். அது மர வேர்களைத் தாக்கிக் கொல்லும் இனம். ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சும்மா இருந்து சத்து வாங்குவதில்லை.

அடுத்தது காளான். ஒற்றைக் கட்டத்தில்கூட எப்போது வேண்டுமானாலும் காளான் வைத்து ஒரு புள்ளி எடுக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். காளான் என்பது பூஞ்சையின் ஸ்போர், அதாவது விதைபோல் பரவும் நுண்துகள், பரப்பும் உறுப்பு மட்டும்தான். உடம்பு முழுவதும் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஓடும் இழை. எனவே தொடர்ச்சியாக 4 கட்டம் இருந்தால், மழைச் சீட்டு வரும் சுற்றில், 4 மணி செலுத்தி ஒரு காளான்; அதற்கு 3 புள்ளி. நடு இழை மடிந்து தொடர்ச்சி அறுந்துவிட்டால் துண்டுகளைத் தனித்தனியாகவே எண்ண வேண்டும். மழை வரும்வரை காத்திருப்பதா, அதற்குள் நடுக்கட்டம் காலியாகிவிடுமா என்ற தவிப்பு இங்கேதான் பிறக்கிறது. ஆட்டத்தின் உயிரே அதுதான்.

வானிலைச் சீட்டு 12, சுற்றும் 12. மழை 6, மேகம் 3, வறட்சி 3. மொத்தமாகக் கலைத்தால் மூன்று வறட்சியும் முதலிலேயே வந்து ஆட்டத்தைக் கெடுக்கும். அதனால் மழை 2, மேகம் 1, வறட்சி 1 என்று மூன்று கட்டுகளாகப் பிரித்து, தனித்தனியே கலைத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டும். வறட்சியில் சருகுக்குப் பரவ முடியாது, கட்டைக்குப் பரவலாம். கட்டை ஈரத்தை வெகுநாள் பிடித்து வைத்திருக்கும்.

தொடக்கத்தில் ஒரே காய் வைப்பதையும் மாற்றலாம். பெரும்பாலான காளான் இனங்களில் ஒத்துப்போகும் இரண்டு ஸ்போர்களின் இழைகள் சேர்ந்தால்தான் காளான் வரும். ஆளுக்கு இரண்டு காய், இடையில் ஒரு வெற்றுக் கட்டம். இரண்டும் சேரும்வரை காளான் கிடையாது.

தாக்குதல் சீட்டை எடுத்துவிடுங்கள். மூவர் ஆடினால் இருவர் சேர்ந்து மூன்றாமவரை ஒழித்துவிடுகிறார்கள். இரு பூஞ்சைகள் சந்திக்கும் மரத்தில் கறுப்புக் கோடு விழுவதுண்டு. அதுபோல, ஒருவர் இழை இருக்கும் கட்டத்துக்குள் மற்றவர் நுழைய முடியாது என்ற விதியே போதும்.

‘சூரிய ஒளி’ச் சீட்டுக்கும் இங்கே வேலையில்லை. பூஞ்சை தாவரம் அல்ல; ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதில்லை. சில இனங்களுக்கு ஒளி காளான் விடும் சமிக்ஞையாக இருக்கிறது, அவ்வளவே.

திருத்திய விதிகளையும் 12 வானிலைச் சீட்டுகளையும் அடுத்த இணைப்பில் அரைப் பக்கத்துக்குள் அச்சிட்டுவிடலாம். பலகையை வெட்டி ஒட்டியவர்கள் அதை மாற்ற வேண்டியதில்லை. மரக்கட்டை வரும் 12 கட்டங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும்.

— பலகை விளையாட்டு வடிவமைப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்