பேத்தி விதைத்த துவரம்பருப்பு

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை விட்டுப் பனி பிடித்துவிட்டது, காலையில் எட்டு மணி வரைக்கும் கொடைக்கானல் மலை மேலே இந்தப் பூம்பாறையில் ஒருத்தரும் வெளியே தலை காட்டுவதில்லை. பூண்டு பரவாயில்லை, கேரட்டுக்குத்தான் விலை இல்லை, அது என்றைக்கு இருந்தது சொல்லு. போன வாரம் காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டுப் பட்டாணிப் பாத்திக்குள் புகுந்துவிட்டது, தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உன் பேத்தி விஷயத்தைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் மேகம் இறங்கினால் இங்கே டவர் படுத்துவிடுகிறது, கிடைத்தாலும் நீ ரெண்டு நிமிஷத்தில் அரசியலுக்குப் போய்விடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று. பிள்ளை சமையலறையிலிருந்து அரிசியும் துவரம்பருப்பும் எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, ஒன்றும் வராமல் நாற்றம்தான் வந்தது என்றாய். வெயில் பத்தவில்லை என்று நீ சொல்லி அனுப்பினாயாம். தப்பு மாப்ள. அந்தப் பருப்பைக் கொளுத்தும் வெயிலில் வைத்திருந்தாலும் முளைத்திருக்காது.

முழுத் துவரையை மில்லில் தோல் நீக்கி ரெண்டாக உடைக்கும்போதே உள்ளே இருந்த முளைக்கரு போய்விடுகிறது, மிச்சம் இருப்பது வெறும் சாப்பாடு. பச்சரிசியும் அப்படித்தான், தீட்டும்போது கரு தவிடோடு போகிறது. ஒரு அரிசியை எடுத்துப் பேத்தியிடம் காட்டு, ஒரு முனையில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும், கரு உட்கார்ந்திருந்த இடம் அதுதான். புழுங்கல் அரிசி என்றால் நெல்லாக இருக்கும்போதே அவித்தாயிற்று, அதில் எதைத் தேடுவது. நெல்லைப் போடச் சொல், முளைக்கும்.

பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வதோடு இது முடிந்துவிடுகிறது, அதுதான் எனக்குக் கோபம். கையில் விதையைக் கொடுத்து உரித்துப் பார்க்கச் சொன்னால் அந்தப் படமே தேவையில்லை. நல்ல பெரிய மொச்சையோ ராஜ்மாவோ ராத்திரி ஊறப் போடு. காலையில் துடைத்துவிட்டு லேசாக அமுக்கச் சொல். கண் போல ஒரு தழும்பு இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் ஊசித்துளை அளவில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப்பார்க்கும். பிள்ளைகள் அதையே பத்துத் தடவை செய்வார்கள், செய்யட்டும். அப்புறம் தோலை உரித்து ரெண்டு பருப்பையும் மெதுவாகப் பிரித்தால், நடுவில் ஒரு குட்டிச் செடி வளைந்து படுத்திருக்கும், முனையில் ரெண்டு இலைகூடத் தெரியும். அதை வளர்க்கப்போகிற கட்டுச்சோறுதான் ரெண்டு பக்கமும் இருக்கிற பருப்பு. இலை வந்து பச்சை பிடித்துத் தானே சமைக்க ஆரம்பிக்கிற வரைக்கும் இதைத் தின்றுதான் செடி வளரும். அதனால்தான் முளைப்பதற்கு வெயில் வேண்டாம் என்கிறேன்.

இது உனக்குத் தெரியாததா? முளைப்பாரியை எங்கே வளர்க்கிறார்கள்? வெளிச்சம் நுழையாத வீட்டில்தானே. நவதானியத்தையும் இருட்டில்தான் முளைக்கவைக்கிறார்கள், எட்டு ஒன்பது நாளில் வெளிர்மஞ்சளாக நெட்டையாக நிற்கிறது. அந்த மஞ்சளும் உயரமும் வெளிச்சத்தைத் தேடுவதால் வருவது. தண்டை நீட்டுவதிலேயே இருக்கிற சாப்பாட்டையெல்லாம் செலவழிக்கிறது, பச்சையம் உண்டாக்க வெளிச்சம் கிடையாது. ஆற்றில் கரைக்காமல் இருட்டிலேயே விட்டுவைத்தால் சரக்குத் தீர்ந்து சாய்ந்துவிடும். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று அடம்பிடிக்கிற விதையும் சிலது உண்டு, எங்கள் பக்கம் ஓட்டல்களுக்குப் போடுகிற லெட்டூஸ் அந்த ரகம், மண்ணை மேலே தூவியும் தூவாமலும் விட வேண்டும்.

காய்ந்த விதையில் உயிர் இல்லை, தண்ணீர் பட்டதும் உயிர் வருகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். கல்லு மாதிரி கிடக்கும்போதே அது உயிரோடுதான் இருக்கிறது, காத்திருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகனில் பீல் என்கிற தாவரவியல் பேராசிரியர் 1879இல் புட்டிகளில் மணலோடு விதைகளைப் போட்டுப் புதைத்துவைத்தார். இத்தனை வருஷத்துக்கு ஒன்று என்று தோண்டி விதைத்துப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த புட்டியிலும் சிலது முளைத்தது. அவ்வளவு தூரம் போவானேன், வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாட்டில் மரத்தை நாங்கள் வெட்டி மாளவில்லை. அதன் விதை கெட்டித் தோலோடு பல வருஷம் மண்ணுக்குள் கிடக்கும், ஒரு காட்டுத்தீ வந்து தோல் வெடித்தால் அந்த இடம் முழுக்க நாற்றாக நிற்கும்.

அதேபோல ஊறுவதும் உயிருக்கு அடையாளம் இல்லை. செத்த விதையும் தண்ணீர் குடித்து உப்பும், அது வெறும் பஞ்சு வேலை. உயிருள்ளது என்றால் அதற்கடுத்த வேலை உள்ளே நடக்கும், மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிக் கருவுக்குக் கொடுக்கும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் கஞ்சி லேசாக இனிப்பது அதனால்தான். அந்த வேலைக்கு மூச்சு வேண்டும். பேத்தியின் தொட்டியில் ஊற்றிய அளவு தண்ணீரில் நல்ல விதை போட்டிருந்தாலும் பாதி மூச்சு முட்டி அழுகியிருக்கும். ஒரு குச்சியில் மூன்று பயறைக் கட்டி டம்ளரில் நிறுத்தி, ஒன்று தண்ணீருக்குள், ஒன்று பாதி நனைகிற மாதிரி, ஒன்று மேலே காற்றில் வைத்துப் பார்க்கச் சொல். நடுவில் இருப்பதுதான் ஒழுங்காக வளரும். ஏன் என்று நீ சொல்லாதே, அவளே சொல்லட்டும்.

தண்ணீர், காற்று போக மூன்றாவது, சூடு. இது மதுரையில் உங்களுக்குத் தோன்றவே தோன்றாது. அங்கே ஐந்தாறு நாளில் தலைகாட்டுகிற பீன்ஸ் இங்கே குளிரில் பத்து நாளுக்கு மேல் எடுக்கும், மண் 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளேயே அழுகிவிடும். பட்டாணியும் கேரட்டும் குளிருக்கு அசராது, ஆனால் கேரட் மண்ணைவிட்டு வர மூன்று வாரம்கூட ஆகும். அதுவும் முதலில் வருகிற ரெண்டு இலை புல் மாதிரி இருக்கும், களை என்று பிடுங்கிவிடுகிற ஆட்கள் உண்டு.

எந்தப் பக்கம் கீழ் என்று விதைக்கு எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பாள், தயாராக இரு. எப்படிக் கவிழ்த்துப் போட்டாலும் வேர் கீழேதான் போகும். வேர்நுனியில் இருக்கிற மாவு மணிகள் கனத்தால் கீழ்ப்பக்கம் படிகிறது, அதை வைத்து வேர் திரும்புகிறது. இங்கிலாந்தில் நைட் என்கிறவர் 1806இல், ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற சக்கரத்தில் விதைகளைக் கட்டி வேகமாகச் சுற்றவிட்டார். சுற்றுகிற வேகம் வெளியே தள்ள, அதுதான் கீழ்ப்பக்கம் என்று வேரெல்லாம் வெளிப்பக்கம், தண்டெல்லாம் சக்கரத்தின் நடுவைப் பார்த்து. பூமி இழுப்பதை ஏமாற்ற இதைவிட நல்ல வழி உண்டா!

குறிஞ்சியைச் சொல்லாமல் விட்டால் எங்கள் மலைக்கு மரியாதை இல்லை. 2018இல் பூத்து, விதை போட்டு, தாய்ச்செடி செத்தது. அந்த விதை அடுத்த மழைக்கு முளைத்ததுதான் இப்போது சரிவுகளில் புதராக நிற்கிறது, 2030இல் பூக்கும். பேத்தியை அப்போது கூட்டிக்கொண்டு வா, அதற்கு முன்னாலும் வா.

வத்தலக்குண்டு பஸ்ஸில் வருகிற நம்ம ஆளிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். சொந்தப் பீன்ஸ் விதை கொஞ்சம், பட்டாணி கொஞ்சம். பீன்ஸ் பருப்பை மேலே தூக்கிக்கொண்டு வரும், பட்டாணி மண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டுத் தண்டை மட்டும் அனுப்பும், ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடச் சொல். கூடவே முளைவிட்ட சௌசௌ ரெண்டு இருக்கும். அதன் விதை காய்க்குள்ளேயே முளைத்துவிடும், காயோடு அப்படியே நட வேண்டும். தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவை, கூட்டு வைத்துவிடப் போகிறாள்.

உன்,
பூம்பாறைக்காரன்