தம்பிக்கு: கேமராவை விற்றுவிட்டேன்

டேய், கேமராவை விற்றுவிட்டேன். வாட்ஸப்பில் சொன்னால் ரெண்டு நீல டிக்கோடு முடிந்துவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய லெமன் வால்நட்சத்திரப் படத்தைப் பார்த்தேன். தலை பச்சையாக, வால் நூல் நூலாகப் பிரிந்து, பின்னால் அத்தனை நட்சத்திரம். நிஜமாகவே நல்லா இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். "அங்க இருந்து இதெல்லாம் எடுக்கவே முடியாதுக்கா" என்று கீழே ஒரு வரி சேர்த்தாய் பார், அன்றைக்குத்தான் விற்பது என்று முடிவு பண்ணினேன்.

முடியாது என்று யார் சொன்னது? 1872 நவம்பர் கடைசியில் நம்ம சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த வானியலாளர் போக்சனுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தந்தி வருகிறது: பியலா வால்நட்சத்திரம் பூமியை உரசிப் போயிருக்கிறது, தெற்கு வானத்தில் இந்த இடத்தில் தேடு என்று. மனுஷன் மேகத்துக்கு நடுவே விடிகாலையில் தேடி, அடுத்தடுத்து ரெண்டு நாள் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தே விட்டார். அப்புறம் மேகம் மூடிக்கொண்டது. அது பியலாதானா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை, அது வேறு கதை. நம்ம ஊர் வானத்தின் லட்சணம் அப்போதே இதுதான், ஆனாலும் அவர் தேடினார் என்பதைத்தான் சொல்கிறேன். அவருக்கு மணலி ஆலை வெளிச்சம் இல்லையே என்பாய். சரி, இல்லை.

திருவொற்றியூர் கடற்கரைக்கு வருகிறேன். 2024 அக்டோபர் ஆரம்பம், சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம். தூண்டில் வளைவுக் கல்லில் ஏறி ட்ரைபாடை ஊன்ற இடம் தேடியதும், உன் துண்டால் லென்ஸைப் போர்த்தி உப்புக்காற்றில் படியும் ஈரத்தை நீ துடைத்துக்கொண்டே இருந்ததும், பின்னால் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் திரும்பும்போது ஹெட்லைட் நம் மேல் அடிக்க நீ அந்த டிரைவருடைய ஏழு தலைமுறையையும் திட்டியதும் இன்னும் அப்படியே இருக்கிறது. நங்கூரம் போட்ட கப்பல் விளக்குகளுக்கு மேலே வால்தான் முதலில் எழுந்தது. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதால் விடியலில் அப்படித்தான் வரும் என்று நீ முந்தின ராத்திரியே சொல்லியிருந்தாய், நான் நம்பவில்லை. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாலு செகண்ட் ஷட்டர் மூடி ஸ்கிரீனில் அந்தச் சாம்பல் கீற்று வந்ததும், நீ பார்க்காமல் கேமராவை என் பக்கம் திருப்பி, "நீ மொதல்ல பாருக்கா" என்றாய். அதை நான் மறக்கவில்லை. என்னை யாரும் எதிலும் முதலில் பார்க்கச் சொன்னதில்லை.

அப்புறம் போன் வந்தது.

அப்பா போனில் என்ன சொன்னார் என்று இங்கே எழுதமாட்டேன். சித்தி வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள், உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்களும் படிக்கலாம். அவசரம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். நீ போனை வாங்கிக் கேட்டாய், கேட்டுவிட்டு "இன்னும் ஒரே ஒரு ஃபிரேம்" என்றாய். தலை அப்போதுதான் கடலை விட்டு மேலே வந்திருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும்போதே ட்ரைபாடைப் பிடுங்கினேன். அந்தப் படத்தில் வால்நட்சத்திரம் தூண்டில் முள் மாதிரி வளைந்து கிடக்கிறது.

மன்னித்துக்கொள். ஆனால் திரும்ப அந்த நிமிஷம் வந்தாலும் பிடுங்கத்தான் செய்வேன். உனக்கு அதற்குப் பிறகு வாய்ப்பே கிடைக்கவில்லை என்பது எனக்கும் வலிக்கிறது, வால்நட்சத்திரம் சாயங்கால வானத்துக்கு மாறிய வாரத்தில் மழை, 15-ஆம் தேதி ஊரே தண்ணீரில் நின்றது, நீ அதற்குள் விமானம் ஏறிவிட்டாய். ஏறிப் போனதை நான் குத்திக்காட்டவில்லை. "அக்கா என் படத்தைக் கெடுத்துட்டா" என்று போகிற இடமெல்லாம் சிரித்துச் சொல்கிறாயே, எதற்காகப் பிடுங்கினாள் என்பதையும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா? ஆஸ்பத்திரி டோக்கன் வரிசையில் யார் நின்றார்கள் என்று கேட்டால் மட்டும் உனக்கு அங்கே நடுராத்திரி ஆகிவிடுகிறது.

சரி விடு, கோபம் வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மீதி ஃபிரேம்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக ஸ்டாக் பண்ணினேன். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், நட்சத்திரத்துக்குத் தனியாக, தலைக்குத் தனியாக அடுக்கி, ஊர் வெளிச்சத்தின் ஆரஞ்சு மூட்டத்தைக் கழித்தேன். உன் லெமன் பக்கத்தில் வைத்தால் சிரிப்பாய். வால் கொஞ்சம்தான், கீழே கப்பல் விளக்கு எரிந்துபோய் வெள்ளையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பல் விளக்கு உன் படத்தில் வராது. கேமராவிலிருந்து வந்தபடியே உள்ள ரா ஃபைல் எல்லாம் டிரைவில் போட்டிருக்கிறேன், தூண்டில் முள்ளும் அதில் இருக்கிறது, அழிக்கவில்லை.

கேமராவை வாங்கியது மேல்தெருப் பெண், பத்தாவது படிக்கிறாள், தவணையில் தருகிறாள். பாதி உன் காசு என்று நீ ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், உன் பங்கு அப்பா மாத்திரைக்குப் போகிறது. 85 எம்எம் லென்ஸை மட்டும் அவள் எடுக்கவில்லை, உள்ளே பூஞ்சை. பொங்கலுக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போ. வரவில்லையென்றால் இந்த வாரமே சொல்லிவிடு, சித்தி பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.