நுரையீரல் ரத்தப்போக்கு: இரவிலும் வழி தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் மருந்தை ஆறு மாதமும் தவறாமல் சாப்பிட்டு, கிருமி இல்லை என்று முடிவும் வந்த ஒருவர், சில ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் கால் லிட்டர் ரத்தத்தை இருமித் துப்புவது நெஞ்சக நோய்ப் பிரிவுகளில் அரிதான காட்சி அல்ல. நோய் ஆறிய இடத்தில் விரிந்துபோன மூச்சுக்குழாய்களையும், காசநோய் நுரையீரலில் விட்டுச்சென்ற பழைய குழிக்குள் வளரும் பூஞ்சைப் பந்தையும் சுற்றிப் பருத்துவிடும் மூச்சுக்குழாய்த் தமனிகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். இந்நிலையில் சளியைச் சோதிக்காமலேயே காசநோய் மருந்தை மறுபடி எழுதித் தருவது சிகிச்சை ஆகாது.

இந்நோயாளிகளில் பெரும்பாலோர் ரத்தம் இழந்து இறப்பதில்லை, மூச்சடைத்து இறக்கிறார்கள். மூச்சுப் பாதையை நிரப்ப 150 மி.லி. அளவே போதும். எத்தனை மில்லிலிட்டர் போனால் 'கடுமையானது' என்பதில் மருத்துவ நூல்களே 100 முதல் 600 வரை வேறுபடுவதால், துப்பியதை அளந்துகொண்டிருப்பதைவிட மூச்சைக் கவனிப்பதே மேல். எந்தப் பக்கம் கசிகிறது என்பதைப் பழைய எக்ஸ்ரேயே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவைத்தால் நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் வழியாது. மூச்சு தடுமாறிக் குழாய் செருக நேர்ந்தால், பெரியவர்களுக்கு 8-ஆம் எண்ணுக்குக் குறையாத குழாய் வேண்டும்; மெல்லிய குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிடும், மூச்சுக்குழாயின் உள்ளே பார்க்க உதவும் பிராங்கோஸ்கோப் கருவியும் அதில் எளிதில் நுழையாது. இருமலை அடக்குவதற்காகத் தூக்க ஊசி போடுவது கூடவே கூடாது.

நிலைமை சற்றுச் சீரானதும், ரத்தக்குழாய்களைப் படமாகக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் தமனியைத் துகள்களால் அடைக்கும் எம்போலைசேஷன் முறை 1970-களிலிருந்தே உலகில் நடைமுறையில் உள்ளது. பெரும்பாலோருக்கு ரத்தம் உடனே நிற்கும். தண்டுவடத்துக்குச் செல்லும் நுண்தமனி அடைபடாமல் பார்த்துச் செய்யும் கை தேர்ந்தவர் வேண்டும் என்பதும், பூஞ்சைப் பந்து உள்ளவர்களுக்கு மறுபடி கசியும் வாய்ப்பு அதிகம் என்பதால் அறுவை சிகிச்சை பற்றியும் யோசிக்க வேண்டும் என்பதும் உண்மையே.

காசநோய் உறுதியானவுடன் உடல்நிலை மோசமானவர்களைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் முறையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது பாராட்டுக்குரியது. அந்தக் கவனம் குணமானவர்கள் பக்கமும் திரும்ப வேண்டும். சிகிச்சை முடியும் நாளில் கடைசி எக்ஸ்ரேயை நோயாளியின் கையிலேயே கொடுத்து, ரத்தம் வந்தால் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பதை அட்டையில் எழுதித் தரலாம். எந்தெந்த மருத்துவமனையில் இரவிலும் எம்போலைசேஷன் செய்ய ஆள் உண்டு என்ற பட்டியலை, 108 ஊழியர்களிடமும் தாலுகா மருத்துவமனைகளிடமும் மாவட்டவாரியாகக் கொடுத்துவைக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர்,
மதுரை.