எங்கட கழிவுத் தண்ணியப் பாக்கிற ஆக்களுக்கு ஒரு பெரிய நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டுத்திட்டத்துக்குப் பின்னால இருக்கிற சின்ன சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டிறவைக்கும் அதுக்குக் கைகுடுத்தவைக்கும்தான் இந்த மடல். "அது கக்கூஸ் தண்ணி போற இடம்தானே, அதுக்கு என்ன நன்றி" எண்டு கேக்கிறவை இன்னும் இருக்கினம், அவையளும் ஒருக்கா வாசியுங்கோ.

யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. இருக்கிறது வழுக்கையாறு, அதுவும் மாரிக்குத்தான் ஓடும், கந்தரோடை சண்டிலிப்பாய்ப் பக்கத்தால வந்து அராலியில கடல்நீரேரிக்க விழும். ஆனா கீழ முழுக்க சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்தும், அதால ஆத்தில விடுற ஊத்தை எல்லாம் கடலுக்குப் போயிடும் எண்டு நினைக்காதேங்கோ, கொஞ்சம் இறங்கி எங்கட கிணத்துக்கே வரும். அந்தக் கழிவால வாற நைத்திரேற்று எண்ட உப்பு குடிதண்ணியில லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, போனா கைக்குழந்தையளின்ர ரத்தம் ஒட்சிசன் காவிறது குறைஞ்சு உடம்பு நீலம் பாயும். தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் காரணம்தான், அதையும் சொல்லத்தானே வேணும்.

முதல் நன்றி ஒப்பரேட்டர் அண்ணைக்கு. விடிய வெள்ளன வந்து கம்பித் தட்டியில சிக்கினதை இழுத்து எடுக்கிறது அவர்தான், பம்பர்ஸ், ஷொப்பிங் பாக், ஒருக்கா ஒரு பள்ளிக்கூடச் சப்பாத்தும் வந்தது (ஆற்ற பிள்ளையின்ர எண்டு இன்னும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளேல்லை). உள்ளுக்க உண்மையில வேலை செய்யிறது பக்ரீறியாவாம். காத்து ஊதிற தொட்டியில அதுகள் ஊத்தையைத் தின்னும், அமோனியாவை நைத்திரேற்றாக்கும், பிறகு அந்தத் தண்ணியைக் காத்து இல்லாத தொட்டிக்குத் திருப்பி விட்டா வேற பக்ரீறியா நைத்திரேற்றில இருக்கிற ஒட்சிசனை எடுத்திட்டு மிச்சத்தை வாயுவா மேல விட்டிடும். எங்கட கிணறுகளைக் காப்பாத்திறது இந்த ரெண்டாவது வேலைதான். அண்ணை காத்து ஊதிற தொட்டித் தண்ணியை ஒரு கண்ணாடிச் சிலிண்டரில அள்ளி அரை மணித்தியாலம் அசையாமல் வைப்பார், மண்ணிறச் சேறு (அந்தப் பக்ரீறியாக் கூட்டம்தான்) கீழ இறங்கி மேல தெளிஞ்சா அவற்ற முகத்தில சிரிப்பு, இறங்காட்டி அண்டைக்கு அவரோட கதைக்கேலாது.

2024 கார்த்திகைக் கடைசியில ஃபெங்கல் புயல் மழை அடிச்சு ஊரெல்லாம் வெள்ளம் நிண்டது ஞாபகம் இருக்கும். வெள்ளம் தொட்டிக்க பூந்திருந்தா வளத்து வச்ச பக்ரீறியா முழுக்க அள்ளுப்பட்டு ஆத்துக்குப் போயிருக்கும், திரும்ப வளர கிழமைக்கணக்கு எடுக்கும், அதுவரைக்கும் பச்சைக் கழிவுதான் வாய்க்காலில ஓடியிருக்கும். நனைஞ்சு நனைஞ்சு மண்மூட்டை அடுக்கின சனசமூக நிலையப் பெடியள், கேக்க முதலே ட்ரக்டரை அனுப்பின தோட்டக்கார ஐயா, கரண்ட் போன நேரம் ஜெனரேட்டருக்கு டீசல் அடிக்கக் காசு அனுப்பின கனடாப் பிள்ளையள், உங்களுக்கெல்லாம் என்னெண்டு நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. காத்து ஊதிற மெசின் நிண்டா பக்ரீறியா மூச்சு முட்டிப்போம், ஊரே மணக்கும், ஆனா ஒருத்தற்ற மூக்குக்கும் தெரியாமலே அந்தக் கிழமை போயிட்டுது.

தண்ணியைக் கொண்டுபோய் செக் பண்ணித் தந்த கம்பஸ் பிள்ளையளுக்கும் நன்றி. ஆத்துக்கு விடுற தண்ணியில பிஓடி லீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது எண்டது இலங்கைச் சட்டம், எங்கட ரிப்போட் அதுக்குள்ளதான் வந்தது. பிஓடி எண்டா ஊத்தையைத் தின்ன கிருமி எவ்வளவு ஒட்சிசன் இழுக்கும் எண்ட கணக்கு, கூடினா ஆத்து மீனுக்கு மூச்சு விட மிச்சம் இராது. ரிப்போட்டை ஒரு வரி விடாமல் வாசிச்சு எங்களைக் குடைஞ்செடுத்த பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கும், சேறு ஏத்த வாற பவுசர்த் தம்பிக்கும் நன்றி.

பொரிச்ச எண்ணெயைச் சிங்கில ஊத்தாமல் போத்திலில சேத்துத் தாற அக்காமாருக்கும்தான். மற்ற வீடுகளும் அப்பிடிச் செய்தா நல்லம்.

வாற சனி காலம சேறு காயவைக்கிற மண்படுக்கை துப்பரவு. ஏலுமான ஆக்கள் மண்வெட்டியோட வாங்கோ, தேத்தண்ணியும் வடையும் மாதர் சங்கம் பாக்கும்.