கைடைப் பார்த்துச் சேர், கண்ணு

சேலம்

அன்புள்ள கயல்,

வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்துக் கழிவு மேடுகளில் தானாக முளைக்கும் செடிகளைப் பற்றித்தான் பிஎச்.டி. செய்வேன் என்று நீ சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மாமாங்கம், கருப்பூர் பக்கத்து மண்ணில் நிக்கலும் குரோமியமும் கூடுதல். கால்சியத்தை மக்னீசியம் அமுக்கிவிடும். அதிலும் பிழைக்கிற செடியைப் படிப்பது அருமையான வேலை. ஆனால் கைடு சரியாக அமையாவிட்டால் எந்தத் தலைப்பும் இழுத்துக்கொண்டே போகும். பேரும் பதவியும் பார்க்காதே. அவரிடம் சேர்ந்த பிள்ளைகள் எப்படி முடித்து வெளியே வந்தார்கள் என்று பார்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் கைடின் பெயரைப் போட்டுத் தேடு. அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பதிவு செய்த தேதியையும் முடித்த தேதியையும் குறித்துக்கொள். ஒருவர் தாமதித்திருந்தால் அது அவருடைய வீட்டு நிலைமையாக இருக்கலாம். நாலு பேருமே தாமதம் என்றால், அத்தியாயங்கள் திருத்தப்படாமல் கைடின் மேசையில் கிடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதே ஆய்வேட்டில் நன்றியுரையையும் செய்முறை அத்தியாயத்தையும் படி. மண்ணில் நிக்கலை எந்தக் கருவியில், எங்கே அளந்தார்கள்? வேறு ஊர் ஆய்வகத்துக்கு நன்றி சொல்லியிருந்தால், பெரும்பாலும் அந்தக் கருவி துறையில் இருக்காது; மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டியிருப்பார்கள். உனக்கு 20 இடம், இரண்டு பருவம், இடத்துக்கு மூன்று மாதிரி என்றாலே 120 ஆகிவிடும். அந்தப் பணம் கைடின் புராஜெக்டிலிருந்து வருமா, உன் கையிலிருந்தா என்று சேருவதற்கு முன்பே கேள். கேட்கக் கூச்சப்படாதே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. ஆகவே இடம் காலியா என்பதை முதலில் துறை அலுவலகத்தில் விசாரி. உன் தலைப்பில் தாவரவியலும் மண்ணியலும் கலந்திருப்பதால் இணை நெறியாளர் (இரண்டாவது கைடு) ஒருவர் தேவைப்படலாம். இருவருக்கும் ஒத்துப்போகுமா என்பதையும் விசாரித்துக்கொள்.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதிலிருந்து உன் கேள்வி எங்கே கிளம்புகிறது என்று இரண்டு வரி, நீ எம்.எஸ்சி. புராஜெக்டில் செய்தது இரண்டு வரி. இடம் இருக்கிறதா என்ற கேள்வி. ஒரே மெயிலைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும், பதிலும் வராது. பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டு, அதற்குமேல் வேண்டாம்.

அவர் வரச் சொன்னால் அரை நாள் முன்னதாகவே போய், அங்கே இருக்கும் ஸ்காலர்களோடு டீ குடி. வாரம் ஒருமுறையாவது சார் உட்கார்ந்து பேசுவாரா, கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், சொந்த வேலைக்கு அலைய விடுவாரா என்று கேள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம், வேறு பார்க்கலாம்.

மெயிலை எழுதியதும் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு.

அம்மா