நீ போன பிறகு அந்த வீட்டில் யார் இருப்பார்கள்?

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள கயல்,

வட கரோலினாவில் உன் ஃபேயட்வில் படைத்தளத்தைச் சுற்றி வாங்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று வீடுகளின் படங்களையும் பார்த்துவிட்டேன். ரேஃபோர்டு வீட்டில் அப்பா மனதளவில் ஏற்கெனவே குடியேறிவிட்டார்; பூஜை அலமாரி எந்தச் சுவரில் என்பதுவரை முடிவாகிவிட்டது. கோபியிலிருந்து அம்மாயி கேட்டது ஒன்றே ஒன்று: தலைவாசல் எந்தத் திசை? விசாரித்துச் சொல்கிறோம் என்று நழுவியிருக்கிறேன். அவர்கள் மகிழட்டும். நானோ வீட்டுக் கடன் கோப்புகளைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். படைவீரர் கடன் கோப்புகளும் என் மேசைக்கு வருகின்றன. அதனால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

"முன்பணம் ஒரு டாலர்கூட வேண்டாமாம், வாடகையும் தவணையும் ஏறக்குறைய ஒன்றுதான், வாங்கிவிடவா?" என்று கேட்டிருந்தாய். தொகை ஒன்றாக இருக்கலாம். கட்டுப்பாடு வேறு. வாடகை வீட்டில் இருக்கும்போது இடமாற்ற ஆணை வந்தால், அதன் நகலை வீட்டுக்காரரிடம் கொடுத்து, முறைப்படி அறிவித்துவிட்டு, அபராதமில்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். படையில் இருப்பவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தந்திருக்கிறது. சொந்த வீட்டுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. ராணுவம் உன்னைத் தென்கொரியாவுக்கு அனுப்பினாலும் தவணை ஃபேயட்வில்லிலேயே நின்றுகொண்டு மாதாமாதம் உன்னைக் கூப்பிடும்.

அரசு தரும் கடன் என்றும் எழுதியிருக்கிறாய். அரசு உனக்கு ஒரு டாலரும் தரவில்லை. பணம் தருவது வங்கியோ கடன் நிறுவனமோதான். முன்னாள் படைவீரர் நலத்துறை அதில் வழக்கமாக நான்கில் ஒரு பங்குக்கு ஜாமீன் நிற்கிறது. அந்தத் தைரியத்தில்தான் முன்பணம் கேட்காமல், மாதாந்திரக் கடன் காப்பீடும் வசூலிக்காமல் கொடுக்கிறார்கள். ஜாமீன் வங்கியின் பயத்துக்கு. தவணை தவறினால் வீடு போவது உனக்கு.

இந்த ஜாமீனும் இலவசமில்லை. 'ஃபண்டிங் ஃபீ' என்று ஒன்று உண்டு. முதல் முறை, முன்பணம் இல்லாமல் வாங்கினால் கடனில் 2.15 சதவீதம், அடுத்த முறை 3.3 சதவீதம். பணியால் வந்த உடல் குறைபாட்டுக்கு இழப்பீடு பெறுபவர்களுக்கு இது கிடையாது. கையில் பணமில்லை என்றால் கடனோடு சேர்த்துவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதனால் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வீடு 3,00,000 டாலர், வட்டி 6.5 சதவீதம், 30 ஆண்டு என்று வைத்துக்கொள். கட்டணம் 6,450 சேர்ந்து கடன் 3,06,450 ஆகிறது. அசலும் வட்டியுமாக மாதம் சுமார் 1,937. வீட்டு வரி, காப்பீடு தனி. மூன்று ஆண்டில் கிட்டத்தட்ட 69,700 கட்டியிருப்பாய். கடன் குறைந்திருப்பது 11,000 மட்டும். இன்னும் 2,95,500 பாக்கி. அப்போது ஆணை வருகிறது, வீட்டின் விலை ஏறவில்லை, அதே மூன்று லட்சத்துக்கு விற்கிறாய். தரகு முதலிய செலவு ஐந்து சதவீதம் என்றாலே உன் கைக்கு 2,85,000. கடனை அடைக்க இன்னும் 10,500 டாலரை நீதான் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். சொந்த வீட்டை விற்றதற்குக் கைக்காசு!

அப்பா உடனே 15,000 டாலர் தருகிறேன் என்றார். கடன் நிறுவனம் அதை ஏற்கும், திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். ஐந்து சதவீத முன்பணம் போட்டால் கட்டணமும் 1.5 சதவீதமாக இறங்கும். மேலே சொன்ன அதே கணக்கில் விற்கும்போது 6,000 டாலர் கைக்கு வரும். அதாவது அப்பாவின் பணத்தில் 9,000 காணாமல் போயிருக்கும். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கடனில் தன் பெயரையும் சேர்த்தால் என்ன என்று கேட்டார். கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குவது வேறு. படையில் இல்லாத அப்பா உள்ளே வந்தால் ஜாமீன் உன் பங்குக்கு மட்டுமே நிற்கும். மீதிக்குக் கடன் நிறுவனம் முன்பணம் கேட்கும். எந்த வசதிக்காக இந்தக் கடனைத் தேடினோமோ அதுவே போய்விடும்.

டெக்சாஸ் மாமாவின் யோசனையையும் காதில் வாங்காதே. நீ படை வளாக விடுதியிலேயே இருந்துகொண்டு, வீட்டை முதல் நாளிலிருந்தே வாடகைக்கு விடலாம் என்கிறார். நான் குடியிருக்கத்தான் வாங்குகிறேன் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக 60 நாளுக்குள் குடியேறியும் ஆக வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பொய்யாகப் போடுவது கூட்டாட்சிக் குற்றம். குடியிருந்த பிறகு ஆணை வந்து நீ போகும்போது வாடகைக்கு விடுவதில் ஒரு தப்பும் இல்லை.

அங்கேதான் நான் கேட்க நினைக்கும் கேள்வி இருக்கிறது. நீ போன பிறகு அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? முகப்பு, சமையலறைக் கல், கொல்லைப்புற மரம் எல்லாவற்றையும் உன் கண்ணால் பார்த்திருக்கிறாய். உனக்குப் பின் வரப்போகும் சார்ஜன்ட் குடும்பத்தின் கண்ணால் ஒருமுறை பார். அவர்களுக்கு எத்தனை படுக்கையறை வேண்டும், பள்ளி எங்கே, காலை உடற்பயிற்சி அணிவகுப்புக்கு எந்த வாயில் வழியாக எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம், குடியிருப்புச் செலவுக்காக ராணுவம் அவர்களுக்குத் தரும் வீட்டுப்படி எவ்வளவு? படைத்தளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வாடகை பெரும்பாலும் அந்த வீட்டுப்படியை ஒட்டியே நிற்கும். உன் தவணை, வரி, காப்பீடு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, காலியாகக் கிடக்கும் மாதங்கள், ஒரு நாள் நின்றுபோகும் ஏசி எல்லாவற்றையும் அந்த வாடகை தாங்குமா? தாங்கும் என்றால் வாங்கு. தாங்காது என்றால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் படத்தோடு நிறுத்திக்கொள்.

வீடுகளுக்கு வருகிறேன்.

ரேஃபோர்டு வீடு புதிது, பளபளப்பாக இருக்கிறது. கட்டுநர் அதே தெருவின் கோடியில் இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டிருப்பதை வரைபடத்தில் பார்த்தேன். மூன்று ஆண்டு கழித்து நீ விற்க வரும்போதும் அவர் புது வீடு விற்றுக்கொண்டிருந்தால்? வட்டியைக் குறைத்துத் தர அவரால் முடியும், உன்னால் முடியாது. அவர் சொல்லும் கடன் நிறுவனத்திடமே போனால் சலுகை என்பார். போ, ஆனால் வேறு இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கடன் செலவு மதிப்பீட்டுத் தாள் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார். சலுகையை ஒரு கையால் கொடுத்து வட்டியில் மறு கையால் எடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரிங் லேக் வீடு தளத்துக்கு மிக அருகில். விலையும் குறைவு. 2016-இல் மேத்யூ புயலும் 2018-இல் ஃபிளாரன்ஸ் புயலும் அந்தப் பக்கத்தை என்ன செய்தன என்று நீ வேலை பார்க்கும் படை மருத்துவமனையிலேயே பழைய ஆட்களைக் கேள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ள அபாயப் பகுதிக்குள் இருந்தால் தனிக் காப்பீடு கட்டாயம். அதன் தொகை மாதத் தவணையோடு சேரும். கடன் கணக்குப் போடும்போதே அதைக் கேட்டு வாங்கு. இன்னொன்று, பயிற்சி நடக்கும் இரவில் ஒருமுறை அந்தத் தெருவில் காரை நிறுத்தி உட்கார். ஃபோர்ட் பிராக் என்றிருந்த தளத்தின் பெயரை 2023-இல் ஃபோர்ட் லிபர்ட்டி என்றார்கள், 2025-இல் பிராக் என்ற பெயருடைய வேறொரு வீரரைக் காரணம் காட்டி மறுபடியும் ஃபோர்ட் பிராக் என்றார்கள். பீரங்கி இந்தப் பெயர் விவகாரத்தில் கலந்துகொள்ளவில்லை, அது பாட்டுக்கு வெடிக்கிறது. உனக்குப் பழகியிருக்கும். கைக்குழந்தையோடு குடி வருபவர்களுக்குப் பழக வேண்டுமே.

ஹோப் மில்ஸ் வீட்டுக்குக் கிணற்று நீர். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேப் ஃபியர் ஆற்றோரத்து இரசாயன ஆலை ஒன்றிலிருந்து வந்த 'பிஃபாஸ்' என்ற, எளிதில் சிதையாத, உடலுக்குக் கேடான வகைச் சேர்மங்கள் பற்றி 2017-இல் செய்தி வெளியாகி, பிறகு சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் கண்டுபிடித்தார்கள். கடனுக்காகச் செய்யும் வழக்கமான நீர்ச் சோதனை பாக்டீரியாவையும் நைட்ரேட்டையும் ஈயத்தையும் பார்க்கும், இதைப் பார்க்காது. தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் பழைய சோதனை முடிவு இருந்தால் கேள். இல்லை என்றால் நாமே செய்வோம், அந்தச் செலவு என்னுடையது. சுத்தமாக வந்தால், மூன்றில் இந்த வீட்டுக்கே என் ஓட்டு. பழைய வீடு, ஆனால் பக்கத்தில் புதிதாகக் கட்ட இடமில்லை, மூன்று படுக்கையறை, பள்ளி அருகில்.

இதில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது. ஹோப் மில்ஸ் வீட்டுக்காரரும் படையில் இருப்பவர், 2021-இல் வாங்கியவர் என்று போட்டிருக்கிறது. அந்த ஆண்டு வட்டி மூன்று சதவீதத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் இருந்தது. அவருடையதும் படைவீரர் கடனாக இருந்தால், கடன் நிறுவனத்தின் ஒப்புதலோடு அதை அப்படியே, அதே வட்டியில், நீ ஏற்றுக்கொள்ள முடியும். கட்டணமும் அரை சதவீதம்தான். விலைக்கும் அவருடைய பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ரொக்கமாகத் தர வேண்டும். அப்பாவின் 15,000 உண்மையில் பயன்படக்கூடிய இடம் அதுதான். துறை ஜாமீன் நிற்பதற்கான உன் உரிமையை அவருடைய உரிமைக்கு மாற்றாக வைத்தால் அவருடையது விடுபடும், அதனால் அவருக்கும் உன்னைப் பிடிக்கும். மாதக்கணக்கில் இழுக்கும், ஏஜென்டுகளுக்கு அதனாலேயே இது பிடிக்காது. கேட்காமல் விட்டுவிடாதே.

வட கரோலினாவில் ஒப்பந்தம் போட்டவுடன், வீட்டைச் சோதித்து முடிவெடுக்கும் அவகாசத்துக்காக, 'டியூ டிலிஜன்ஸ்' கட்டணம் என்று விற்பவரிடமே நேராகக் கொடுப்பார்கள். நீ மனம் மாறினால் அது திரும்பாது. ஏஜென்ட் பெரிய தொகை எழுதச் சொன்னால் எழுதாதே. துறையின் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பதை வீட்டுச் சோதனை என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் பார்ப்பது விலையையும் அடிப்படைத் தகுதியையும். கூரை, குழாய், அடித்தளம் பார்க்கத் தனி ஆளை வை. கரையான் சோதனை அந்த மாநிலத்தில் இந்தக் கடனுக்குக் கட்டாயம். நம் ஊரில் வில்லங்கச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நாமே அலைவோம். அங்கே வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்த்து முடித்துத் தருவார்.

அவசரப்படுத்துகிறார்கள் என்றாய். இந்த உரிமை காலாவதியாகாது, கயல். 1944 ஜூன் 22-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. வீட்டை விற்றுக் கடனை அடைத்தால் மறுபடியும் பயன்படுத்தலாம். எல்லோருக்கும் இது எளிதாகக் கிடைக்கவும் இல்லை. 1947-இல் மிசிசிப்பி நகரங்களில் கொடுத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினப் படைவீரர்களுக்குப் போனவை 2. அதற்கும் முன்னால், முதல் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்த இந்தியரான பகத் சிங் திண்ட்டுக்குக் குடியுரிமையே கிடையாது என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் கலிஃபோர்னியாவில் நிலம் வாங்கவே முடியாத காலம் அது. உன் கையில் இருப்பதை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல் என்று ஓர் ஏஜென்ட் கேட்பதற்காக அதைச் செலவழிக்காதே என்கிறேன்.

வாங்கி, இரண்டு ஆண்டு குடியிருந்து, பிறகு வாடகைக்கு விட்டால் வரியிலும் ஒரு நன்மை உண்டு. விற்ற லாபத்தில் 2,50,000 டாலர் வரை விலக்கு பெற ஐந்தில் இரண்டு ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பணிக்காக வெளியூரில் இருப்பவர்கள் அந்த ஐந்தாண்டுக் கணக்கைப் பத்து ஆண்டுவரை நிறுத்தி வைக்கலாம். அதை விற்கும் நேரத்தில் பேசுவோம்.

இப்போது செய்ய வேண்டியது: உன் பணியாளர் பிரிவில் பணிச் சான்றுக் கடிதம் கேள், தகுதிச் சான்றிதழுக்கு அது வேண்டும். கடைசி இரண்டு மாதச் சம்பளத் தாளை எனக்கு அனுப்பு. ஹோப் மில்ஸ் வீட்டுக்காரரின் கடன் எந்த வகை, பாக்கி எவ்வளவு என்று ஏஜென்டைக் கேட்கச் சொல். அங்கே மூன்று படுக்கையறை வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று உன் வார்டில் வீட்டுக்காரர்களாக இருப்பவர்களிடமே விசாரி. உன் அடுத்த இடமாற்றம் எப்போது இருக்கும் என்று உன் மேலதிகாரி வாய் திறந்தால் அதையும் எழுது.

இரவுப் பணி முடிந்து சாப்பிடாமல் படுக்கிறாய் என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் நேற்று பார்சலில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்
அம்மா