பெஞ்சுக்கு மட்டும்தானா பக்திப் பாடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலியில், அதாவது பூசையில், பயபக்தி குறைந்துவிட்டது என்று தங்கள் இதழில் சில வாரங்களாக வந்துகொண்டிருக்கும் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்துவருகிறேன். பூசையில் கிறிஸ்துவின் உடலாகத் தரப்படும் அப்பமாகிய நற்கருணையை நாவில் வாங்குவதா கையில் வாங்குவதா, முழந்தாளிடுவதா நிற்பதா, முக்காடு வேண்டுமா வேண்டாமா, இலத்தீன் பூசை திரும்ப வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று வாசகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். எழுதியவர்களில் ஏறக்குறைய எல்லாருமே பெஞ்சில் இருக்கும் பொதுமக்களைத்தான் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். பீடத்தின் பக்கம், அதாவது பூசை நடத்தும் குருக்களின் பக்கம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கைக்கும் நாவுக்கும் நடக்கும் சண்டையை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். எருசலேம் ஆயர் புனித சிரிலின் பெயரால் வழங்கும் நான்காம் நூற்றாண்டு மறைக்கல்வி உரையில், அரசரை வரவேற்கப்போகும் வலக்கைக்கு இடக்கையை அரியணையாக வை என்று புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொன்துகள் கொடுத்தால் எப்படிப் பொத்திப் பிடிப்பாயோ, அதைவிடக் கவனமாகப் பிடி, ஒரு துணுக்கும் விழக்கூடாது என்கிறார்கள். ஆக, கையில் வாங்குவது நேற்று முளைத்த நாகரிகம் அல்ல. 2004-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலும் தெளிவாகவே இருக்கிறது: நாவில் வாங்கும் உரிமை எவருக்கும் எப்போதும் உண்டு, கையில் வழங்க அனுமதி உள்ள இடங்களில் கேட்பவருக்குக் கையில் தர வேண்டும், அவமதிப்பு நேரக்கூடும் என்று தோன்றினால் கையில் தரக்கூடாது. இதற்கு மேல் இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

நின்று செபிப்பதே அலட்சியம் என்று எழுதிய அன்பர் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் 20-ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் உயிர்ப்பு விழாவைத் தொடரும் பாஸ்கா காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றுதான் செபிக்க வேண்டும் என்கிறது. உயிர்த்த ஆண்டவருக்கு முன் நிமிர்ந்து நிற்பதையே அன்றைய கிறிஸ்தவர்கள் மரியாதையாகக் கொண்டார்கள். முழந்தாளிடுவதை நான் குறைத்துப் பேசவில்லை. என் மூட்டுகள் ஒத்துழைக்கும்வரை நானும் முழந்தாளிடுவேன். ஆனால் அடுத்தவர் முழங்காலை வைத்து அவர் விசுவாசத்தை அளக்கும் வேலை நமக்கு எதற்கு?

'அந்தக் காலத்தில் பக்தி இருந்தது' என்ற பேச்சையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்பத்தை மக்கள் பார்க்கும்படி உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற வழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியபோது, அதை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடியவர்கள் இருந்தார்கள். 1562-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், திருப்பலியைச் சூழ்ந்த கேடுகள் என்று பேராசை, பக்தியின்மை, மூடநம்பிக்கை மூன்றையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. கோயிலுக்குள் வீண் பேச்சு, நடமாட்டம், கூச்சல், சிற்றின்ப வாடை வீசும் இசை எல்லாம் கூடாது என்று தடை போட்டது. இல்லாத ஒன்றுக்கு யாரும் தடை போடுவதில்லையே! 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் (பயஸ்) திருவழிபாட்டு இசை குறித்து ஆணை பிறப்பித்ததும், பாடகர் மேடை நாடக மேடையாக மாறியிருந்ததால்தான். இவை எல்லாமே இலத்தீன் பூசை நடந்த காலத்தின் சங்கதிகள். மொழியை மாற்றியதால் பக்தி போய்விட்டது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இனி பீடத்துக்கு வருகிறேன். பீடப்பணியில் கூட நிற்பவன் என்ற முறையில் அருகிலிருந்து பார்த்ததையே சொல்கிறேன். நற்கருணை வழங்கி முடித்ததும் குருவானவர் அப்பம் வைத்திருந்த திருத்தட்டைத் துடைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வயதான குரு ஒருவர் தட்டை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை விரலால் மெல்ல வழித்துக் கிண்ணத்துக்குள் சேர்ப்பார். தண்ணீர் ஊற்றிக் கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுழற்றிப் பருகுவார். பிறகு துணியை மடித்துத் துடைத்து மூடுவார். அதற்குள் யாராவது எதையாவது கேட்க வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் பீடச்சிறுவர்கள் அந்த நேரத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வதில்லை. அவர் அவர்களுக்கு நற்கருணை பற்றி வகுப்பு எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொருவர் அதே வேலையைச் செய்யும்போது ஒரு கண் அறிவிப்பு வாசிப்பவர்மேல் இருக்கும். ஒலிபெருக்கிக்காரருக்குச் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையசைப்பு வேறு. துணியைக் கசக்கிக் கிண்ணத்துக்குள் திணித்து, தட்டை அதன்மேல் 'டங்' என்று வைத்து ஓரமாகத் தள்ளுவார். மறு வாரம் சிறுவர்களும் பாத்திரங்களை அப்படியே 'டங்' என்று வைக்கிறார்கள். பிறகு பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று புகார். யாரிடம் கற்றார்கள்?

மௌனம் இன்னொன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்தது. மக்கள் முழுமையாகவும் உணர்வோடும் பங்கெடுக்க வேண்டும் என்று அது சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். பதில்கள், பாடல்கள், உடல் அசைவுகளைப் பட்டியலிட்டுவிட்டு, உரிய நேரங்களில் பக்தியான மௌனமும் காக்கப்பட வேண்டும் என்று அதே சாசனத்தின் 30-ஆம் எண் சேர்த்துச் சொல்வதை வசதியாக மறந்துவிடுகிறோம். 'மன்றாடுவோமாக' என்றதும் ஒரு நிமிடமாவது அமைதி வேண்டும். அவரவர் மனத்தில் உள்ளதைத் திரட்டிக்கொள்ளத்தான் அந்த இடைவெளி. நடப்பதோ, 'மன்றாடுவோமாக' என்ற சொல்லின் கடைசி எழுத்தும் மன்றாட்டின் முதல் எழுத்தும் ஒட்டிக்கொள்கின்றன. நற்கருணை வாங்கி வந்து உட்கார்ந்தால், நன்றிப் பாட்டு, அடுத்து அறிவிப்பு, பிறகு பிறந்தநாள் வாழ்த்து, அதற்குக் கைதட்டல். ஆண்டவரோடு பேச நேரம் ஒதுக்கியிருப்பதாகவே தெரியவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஜனவரி மறைக்கல்வி உரையில் குருக்களை நோக்கி, இந்த மௌனத்தை அவசரப்பட்டு விழுங்கிவிடாதீர்கள் என்ற பொருளில் கேட்டுக்கொண்டார். மறையுரை, அதாவது பிரசங்கம், எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று 2024-இல் சொன்னவரும் அவரே. மறையுரையில் மிச்சமாகும் நேரத்தை மௌனத்துக்குக் கொடுத்தால் யாருக்கும் பூசை நீளாது.

கைப்பேசியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பெஞ்சில் மணி அடித்துவிட்டால் ஊரே திரும்பி முறைக்கிறது. சரிதான். ஆனால் 2017 நவம்பர் 8 அன்று பிரான்சிஸ் இதைப் பற்றி வருந்திப் பேசியபோது, இதயங்களை எழுப்பச் சொல்லும் நேரத்தில் கைப்பேசிகள் எழும்புகின்றன என்று பொதுமக்களை மட்டும் சொல்லவில்லை. சில குருக்களும் ஆயர்களும்கூட அப்படிச் செய்கிறார்கள் என்று சேர்த்தே சொன்னார். எழுந்தேற்ற நேரத்தில் பீடத்துப் படியில் ஏறி, குருவானவரின் தோளுக்கு மேலாகக் கேமராவை நீட்டும் புகைப்படக்காரருக்கு அனுமதி கொடுத்தவர் யார்? முன்வரிசைப் பாட்டியா? திருமணப் பூசைகளில் நடப்பதைச் சொல்லவே வேண்டாம். மணமக்கள் எப்போது முழந்தாளிட வேண்டும் என்பதைக்கூடக் கேமராக்காரர்தான் தீர்மானிக்கிறார்.

பயபக்தியை வெறும் ஒழுங்குமுறையாகப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. திருப்பலியில் நடந்த அவமதிப்பை முதன்முதலில் கண்டித்து எழுதியவர் பவுலடியார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் அவர் எதற்காகக் கொதிக்கிறார்? வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததற்காக. இல்லாதவர்களை வெட்கத்துக்கு உள்ளாக்குகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான், தகுதியற்ற முறையில் அப்பத்தை உண்பவர் ஆண்டவரின் உடலுக்கு எதிராகக் குற்றம் புரிகிறார் என்கிறார். புனித யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்தி மறையுரையில், கோயிலுக்குள் கிறிஸ்துவைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே அவர் குளிரில் வாடுவதைக் கண்டுகொள்ளாமல் போகாதே என்று கடிந்ததும் இதையொட்டியதுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு காட்சியைப் பாருங்கள். மறையுரையின் நடுவே குழந்தை ஒன்று அழுகிறது. 'அந்தக் குழந்தையை வெளியே கொண்டு போங்கம்மா' என்று ஒலிபெருக்கியில் குரல். எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. அந்தத் தாய் பையையும் குழந்தையையும் அள்ளிக்கொண்டு நடு வழியில் குனிந்தபடி நடந்து போகிறார். நான் பார்த்த அந்தக் கோயிலில் பிறகு யாரும் வெளியே போய் அவருக்கு நற்கருணை கொடுக்கவும் இல்லை. குழந்தையின் அழுகையால் பீடத்தின் மாண்பு குறைந்ததா, அந்தக் குரலால் குறைந்ததா? என் மட்டில் பதில் சந்தேகமில்லாதது.

குருக்களைக் குறை சொல்வதே பாவம் என்று சிலர் கிளம்புவார்கள். மேலே சொன்ன 2004 அறிவுறுத்தலே, திருவழிபாட்டு முறைகேட்டைப் பற்றி ஆயரிடமோ வத்திக்கானிடமோ முறையிட எந்தக் கத்தோலிக்கருக்கும் உரிமை உண்டு என்கிறது. உண்மையோடும் அன்போடும் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கூடுமானால் முதலில் ஆயரிடம் சொல்வது நல்லது என்கிறது. நான் அதற்கும் முன்னால் ஒரு படி வைப்பேன்: பூசை முடிந்து, உடுப்பு மாற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு அந்தக் குருவிடமே தனியாகப் போய்ச் சொல்வது. இப்போது நடப்பதைப் போல முப்பது வினாடி வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் சுற்றவிடுவது முறையீடு ஆகாது. அதை எடுப்பதற்கும் திருப்பலியில் கைப்பேசியைத் தூக்கித்தானே ஆக வேண்டும்?

கடைசியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் அட்டையிலும் உள்பக்கங்களிலும் எழுந்தேற்ற நேரத்துப் படங்களை, அதுவும் பீடத்தை ஒட்டி நின்று எடுத்த படங்களை, அடிக்கடி வெளியிடுகிறீர்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. அதை எடுக்கப் போனவர் அந்த நேரத்தில் எங்கே நின்றிருப்பார், அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள் என்பதை ஆசிரியர் குழு ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். பூசை தொடங்கும் முன்போ முடிந்த பிறகோ எடுத்த படங்களை மட்டும் வெளியிடுவது என்று தாங்கள் முடிவெடுத்து அறிவித்தால், படம் அனுப்புகிற பங்குக் கோயில்களும் அதன்படி நடந்துகொள்ளும்.

இப்படிக்கு,
பீடப்பணியில் உள்ள ஒரு வாசகர்